சொல்லின் பரப்பு

மொழி சொற்களால் ஆயது. சொற்களோ பொருளை உணர்த்துவன. பொருள் உணர்த்தாத வெற்றொலியைச் சொல் என்று யாரும் கூறார். இவையெல்லாம் நாம் இளம் வகுப்புகளிலேயே அறிந்துகொண்ட செய்திகள். ஆயினும், 'சொல்லின் பொருள் என்பது எது?' என்று ஒருவர் நம்மை வினவினால், உடனே விடை கூறுதல் எளிதன்று.

'மரம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் பொருளை அறிய விரும்பும் ஒருவரை நாம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, மாவையும் வேம்பையும் தென்னையையும் காட்டி, 'இவை மரங்கள்' என்று கூறலாம். அவ்வாறன்றி, இருந்த இடத்தில் இருந்தவாறே, 'அடி பருத்து, வலுப்பெற்று, உயர்ந்தோங்கிப் பல்லாண்டு நிற்கும் நிலைத்திணை உயிர் மரம் எனப்படும்' என்று விளக்கியும் கூறலாம். இரண்டும் பொருளை உணர்த்தும் முறைகளே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் சொல் சென்று பற்றும் பொருள்களைக் காட்டினோம். பின்னதில் அப்பொருள்களை ஓரினமாகச் சேர்க்கும் இயல்பைக் காட்டினோம்.

சொற்பொருளை ஆராயும் அறிஞர் இவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்வர். ஒரு சொல் எவ்வெப் பொருள்களுக்கு உரியதோ, அப்பொருள்கள் அனைத்தின் தொகுதியும் அச்சொல்லின் பரப்பு ஆகும். எந்த இயல்பு பற்றி அவை அச்சொல்லுக்கு உரியவாயினவோ, அந்த இயல்பு அதன் உட்கருத்து ஆகும். 'ஆறு' என்னும் சொல்லின் பரப்பில் காவிரியும் வையையும் உண்டு. கங்கையும் நைலும் உண்டு. நாம் பெயரும் கேட்டறியாத எத்தனையோ ஆறுகளும் உண்டு. நாம் கண்டவை மட்டுமே பரப்பில் அடங்கும் என்பதில்லை. ஒரு சொல்லின் உட்கருத்தை நாம் முழுதும் அறிந்திருக்கலாம். அதன் பரப்பை முழுதும் கண்டவர் பெரும்பாலும் இல்லை.

எல்லாச் சொற்களின் பரப்பும் ஒரே அளவின அல்ல. 'மலை' என்பதன் பரப்பு பெரிது. 'பொதியில்' என்பதன் பரப்பில் இருப்பது ஒரே மலை. யாதொரு பொருளும் அடங்காத வெறும் பரப்பை உடைய சொற்களும் உண்டு. நம் நாட்டுக் கோயில் தூண்களில் யாளியின் உருவத்தைக் காண்கிறோம். சிங்க முகமும் துதிக்கையும் உடைய அவ்விலங்கு உலகில் எங்கும் உயிருடன் உலவியதில்லை. சிற்பியின் கைவண்ணத்தில் உருவங்கள் பல உள. விலங்கு ஒன்றேனும் இல்லை. ஆகவே, விலங்கின் பெயர் என்ற அளவில், யாளி என்பதன் பரப்பு வெறுமையே. இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக நம் முன்னோர் கூறிவந்த முயற்கொம்பும் இத்தகையதே. முயல் உண்டு, கொம்பும் உண்டு, முயற்கொம்பு மட்டும் இல்லை.

இங்கே ஓர் உண்மை புலனாகும். பரப்பு ஒன்றே பொருள் என்று கொண்டால், யாளியும் முயற்கொம்பும் ஒரே பொருளுடைய சொற்கள் ஆகிவிடும். ஏனெனில், இரண்டன் பரப்பும் வெறுமையே. ஆனால் யாளி வேறு, முயற்கொம்பு வேறு என்பதைச் சிறுவரும் அறிவர். ஆதலால், பரப்பு என்பது பொருளின் ஒரு கூறேயன்றி, அதுவே பொருள் முழுதும் ஆகாது.

பிரான்சு நாட்டு அறிஞர் அந்துவான் ஆர்னோ, பியர் நிக்கோல் என்னும் இருவர் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை நூலில் இப்பகுப்பைத் தெளிவாக எடுத்துரைத்தனர். ஒரு கருத்தினுள் அடங்கிய இயல்புகள் வேறு, அக்கருத்து சென்று பரவும் பொருள்கள் வேறு என்று அவர்கள் காட்டினர். இவ்விரண்டற்கும் ஒரு தொடர்பு உண்டு. இயல்புகளைச் சேர்க்கச் சேர்க்கப் பரப்பு குறுகும். 'மாணவர்' என்பதினும் 'தமிழ் பயிலும் மாணவர்' என்பதன் பரப்பு சிறிது; 'தமிழ் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவர்' என்பதன் பரப்பு அதனினும் சிறிது. இயல்புகளைக் களையக் களையப் பரப்பு விரியும். ஆனால், இயல்பைச் சேர்த்தும் பரப்பு குறையாத இடமும் உண்டு. மூன்று பக்கங்களும் ஒத்த முக்கோணத்தைச் சமபக்க முக்கோணம் என்கிறோம். அதனோடு 'மூன்று கோணங்களும் ஒத்தது' என்னும் இயல்பைச் சேர்த்துப் பாருங்கள். முன்பு அடங்கியிருந்த முக்கோணம் ஒன்றேனும் வெளியேறாது. பக்கம் ஒத்தவை எல்லாம் கோணமும் ஒத்தவையே. உட்கருத்து இரண்டு, பரப்பு ஒன்று.

தமிழ் இலக்கணமும் இப்பொருளைத் தன் வழியில் ஆராய்ந்துள்ளது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, அவற்றைப் பொது, சிறப்பு எனவும் பிரிக்கிறது. மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை என்பது காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர். இடுகுறி, காரணம் என்னும் பகுப்பு, பெயர் எவ்வாறு வந்தது என்பதைக் கூறுகிறது. பொது, சிறப்பு என்னும் பகுப்போ, பெயர் எவ்வளவு பரவும் என்பதைக் கூறுகிறது. அதாவது, அது பரப்பைப் பற்றியது.

பெயர் வந்த காரணமே பரப்பை முடிவு செய்துவிடுமா? செய்யாது. முள்ளை உடைமையால் முள்ளி என்னும் பெயர் அமைந்தது. ஆனால் முள்ளுடைய செடிகள் அனைத்தும் முள்ளி ஆவதில்லை. ஒரு செடிக்கே அப்பெயர் உரியதாயிற்று. இத்தகைய பெயரைக் காரண இடுகுறிப்பெயர் என்பர். நாற்காலியையும் எண்ணிப் பாருங்கள். நான்கு கால் உடைமை பசுவுக்கும் உண்டு, கட்டிலுக்கும் உண்டு. அவற்றை நாற்காலி என்று யாரும் அழைப்பதில்லை. பறத்தலால் பறவை என்றோம். ஆனால் பறவாத தீக்கோழி பறவையினத்தைச் சேர்ந்தது. பறக்கும் வௌவாலோ பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. காரணம் ஒரு பெயரைத் தோற்றுவிக்கும். பரப்பை வரையறுப்பது வழக்கும் அறிவும் ஆகும்.

பரப்பு ஒன்றாயிருந்தும் கருத்து வேறுபடும் என்பதற்கு வானமே சிறந்த சான்று தருகிறது. விடியலுக்கு முன் கிழக்கே ஒளிரும் மீனை விடிவெள்ளி என்கிறோம். கதிரவன் மறைந்தபின் மேற்கே ஒளிர்வதை மாலை வெள்ளி என்கிறோம். இரண்டும் விண்மீன்கள் அல்ல. இரண்டும் வெள்ளி என்னும் ஒரே கோளே. அக்கோள் பூமியைக் காட்டிலும் கதிரவனுக்கு அருகில் சுற்றி வருவது. ஆதலின், அது நம் பார்வையில் கதிரவனை விட்டு நெடுந்தொலைவு விலகுவதில்லை. சில திங்கள் மாலையிலும், சில திங்கள் விடியலிலும் காட்சி தருகிறது. இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஜெர்மானிய அறிஞர் காட்லாப் பிரேகே 1892 ஆம் ஆண்டில் ஓர் அரிய கட்டுரை வரைந்தார். 'விடிவெள்ளியே விடிவெள்ளி' என்று ஒருவர் கூறினால், அதனால் நாம் புதிதாக அறிவது யாதும் இல்லை. 'விடிவெள்ளியே மாலை வெள்ளி' என்று கூறினால், அது வானை நெடுங்காலம் நோக்கி மனிதர் கண்ட உண்மை. இரு சொற்களும் சுட்டும் பொருள் ஒன்றே. ஆயினும் முன்னது வெறுங்கூற்று, பின்னது அறிவு. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? சுட்டப்படும் பொருளிலிருந்து வரவில்லை. அப்பொருளை அச்சொல் நமக்குக் காட்டும் முறையிலிருந்து வந்தது என்று பிரேகே விளக்கினார்.

இதனால் விளையும் மற்றொன்றும் உண்டு. 'விடிவெள்ளி ஒரு கோள்' என்னும் தொடரில், விடிவெள்ளியை நீக்கி மாலை வெள்ளியை வைத்தாலும் தொடர் உண்மையாகவே நிற்கும். ஆனால், 'விடிவெள்ளி ஒரு கோள் என்று முருகன் நம்புகிறான்' என்னும் தொடரில் அவ்வாறு மாற்றினால், அது பொய்யாகவும் கூடும். இரண்டும் ஒன்று என்பதை முருகன் அறியாதிருக்கலாம் அன்றோ? பொருளைப் பற்றிப் பேசும்போது பரப்பு போதும். பிறர் உள்ளத்தைப் பற்றிப் பேசும்போது கருத்தும் வேண்டும். ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் எடுத்துரைக்கும்போது, அவர் சொல்லை மாற்றாமல் உரைத்தல் வேண்டும் என்று பெரியோர் கூறுவதன் காரணம் இதனால் விளங்கும். பின்னர், ருடால்ப் கார்னாப் என்பார் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்விரு கூறுகளையும் முறைப்படுத்தி விரித்துரைத்தார். இன்றைய சொற்பொருளியலில் இப்பகுப்பு ஓர் அடிப்படையாக விளங்குகிறது.

சொல்லின் பரப்பு என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. மழலை பேசும் குழந்தை, 'நாய்' என்னும் சொல்லைக் கற்ற புதிதில் ஆட்டையும் பசுவையும் நாய் என்று அழைப்பதுண்டு. சொல்லை அது பெற்றுவிட்டது. சொல்லின் எல்லையை இன்னும் பெறவில்லை. பெரியோர் திருத்தத் திருத்த, அது தன் பரப்பைச் சுருக்கி ஊரார் பரப்போடு பொருத்திக் கொள்கிறது. மொழி கற்றல் என்பது பெரும்பாலும் இவ்வாறு எல்லை கற்றலே ஆகும்.

குழந்தையிடம் சில திங்களில் நிகழும் இம்மாற்றம், மொழியில் பல நூற்றாண்டுகளில் நிகழ்கிறது. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. அக்காலத்து 'நெய்' என்பது நெய்ப்புடைய பலவற்றையும் தழுவி நின்ற சொல். காலப்போக்கில் எண்ணெய் என்பதன் பரப்பு விரிந்தது. தேங்காயிலிருந்து எடுப்பதும் எண்ணெய், வேம்பின் விதையிலிருந்து எடுப்பதும் எண்ணெய், நிலத்தின் அடியிலிருந்து எடுப்பதும் மண்ணெண்ணெய் என வழங்கலாயின. எள்ளுக்கே உரியதாய் இருந்த பெயர் பொதுவாகிவிட்டமையால், எள்ளின் எண்ணெயைக் குறிக்க நல்லெண்ணெய் என்று வேறு பெயர் வேண்டியதாயிற்று. அதே காலத்தில் நெய் என்பதன் பரப்பு சுருங்கி, பொதுவழக்கில் வெண்ணெயை உருக்கிப் பெறுவதனையே குறிக்கலாயிற்று. ஒரு சொல் விரிந்தது. அதனுள் அடங்கிய மற்றொரு சொல் குறுகியது. தண்ணீரும் இவ்வாறே. தண்ணிய நீர் என்று பொருள்பட்ட சொல், இன்று எல்லா நீருக்கும் பொதுவாயிற்று. அதனாலன்றோ, 'சுடுதண்ணீர்' என்று முரண்பாடு தோன்றாமல் மக்கள் பேசுகின்றனர்!

ஒரே காலத்தில் ஒரு சொல்லுக்கு இரு பரப்புகள் இருத்தலும் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேரும். மக்கள் வழக்கிலோ பனைமரம், தென்னைமரம் என்பனவே பெயர்கள். இன்றைய நிலைத்திணை நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும் பிரிவில் வைக்கின்றனர். அவ்வாறாயின், 'தென்னை மரமா, அன்றா?' என்னும் வினாவுக்கு விடை யாது? தென்னையைப் பார்த்து மட்டும் இதற்கு விடை கூறிவிட இயலாது. எந்தப் பரப்பைக் கருதி வினவுகின்றீர் என்று முதலில் கேட்டல் வேண்டும். வாதங்கள் பல பொருளைப் பற்றியன போலத் தோன்றும்; உண்மையில் அவை பரப்பைப் பற்றியன.

'கோள்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. நம் பண்டை மரபில் கோள்கள் ஒன்பது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்பவற்றோடு இராகு, கேது ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினர். அவ்வெண்ணிக்கையில் பூமிக்கு இடமில்லை. இன்றைய வானநூலில் ஞாயிறு விண்மீன்; திங்கள் துணைக்கோள்; பூமி கோள். 1930 ஆம் ஆண்டில் புளூட்டோ கண்டறியப்பட்டபின், இப்புது முறையிலும் கோள்கள் ஒன்பதாயின. எண் ஒன்றாயினும் பரப்பு ஒன்றன்று. இரண்டுக்கும் பொதுவானவை ஐந்தே. 2005 ஆம் ஆண்டில், புளூட்டோவை ஒத்த அளவுடைய ஏரிசு என்னும் பொருள் கண்டறியப்பட்ட செய்தி வெளியாயிற்று. அதனையும் பத்தாம் கோளாகக் கொள்வதா என்னும் ஐயம் எழுந்தது. 2006 ஆம் ஆண்டு ஆகசுடு 24 ஆம் நாள், பிராகு நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தார் கோளுக்கு இலக்கணம் வகுத்தனர். கதிரவனைச் சுற்றுதல் வேண்டும்; தன் ஈர்ப்பால் உருண்டை வடிவு பெற்றிருத்தல் வேண்டும்; தன் பாதையின் அண்மையில் உள்ள பிற பொருள்களை அகற்றியிருத்தல் வேண்டும். மூன்றாவது இயல்பு புளூட்டோவுக்கு இல்லை. ஆதலால், அது குறுங்கோள் எனப்பட்டது. புளூட்டோவில் அன்று யாதொரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது சொல்லின் உட்கருத்து. அது மாறவே, பரப்பும் மாறியது.

இவையெல்லாம் அறிஞர் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. பரப்பைப் பற்றிய வினா வழக்குமன்றம் ஏறியதும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1883 ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறிகளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வரி விதித்தது. பழங்களுக்கு வரி இல்லை. தக்காளியை இறக்குமதி செய்த வணிகரிடம் நியூயார்க்குத் துறைமுக அதிகாரி வரி பெற்றார். 'தக்காளி பழமேயன்றிக் காய்கறி அன்று' என்று வணிகர் வழக்கிட்டனர். 1893 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாவர நூலின்படி தக்காளி கனியே; ஆனால் மக்கள் வழக்கில் அது உணவோடு சமைத்து உண்ணும் காய்கறி; சட்டத்தின் சொல்லை மக்கள் வழக்கின்படியே கொள்ளல் வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். நம் ஊரிலும் 'தக்காளிப்பழம்' என்று பெயர் சொல்லிக் காய்கறிக் கடையிலேயே வாங்குகிறோம் அல்லவா?

தக்காளி வழக்கில் இழப்பு பணமே. மனிதரின் உரிமையே ஒரு சொல்லின் பரப்பைச் சார்ந்து நின்ற வழக்கும் உண்டு. கனடா நாட்டின் 1867 ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மேலவைக்குத் 'தகுதியுடைய ஆட்கள்' அழைக்கப்படுவர் என்று கூறிற்று. ஆள் என்பதற்கு ஆங்கிலத்தில் அங்கே நின்ற சொல், மாந்தருள் ஒருவர் எனப் பொருள்படுவது. ஆயினும், அறுபது ஆண்டுகளாகப் பெண் ஒருவரும் அவ்வவைக்கு அழைக்கப்படவில்லை. ஆல்பர்ட்டா மாநிலத்தைச் சேர்ந்த எமிலி மர்பி என்னும் அம்மையார், 1916 ஆம் ஆண்டில் குற்றவியல் நடுவராக அமர்ந்தபோது, சட்டத்தின் முன் பெண் 'ஆள்' ஆகாள்; ஆதலால் அவர் அப்பதவிக்கு உரியர் அல்லர் என்று வழக்குரைஞர் ஒருவர் மறுத்துரைத்தார். அவ்வம்மையார் இவ்வினாவை விட்டுவிடவில்லை. என்றியெட்டா மியூர் எட்வர்ட்சு, நெல்லி மக்லங், லூயிசு மெக்கின்னி, ஐரீன் பார்ல்பி என்னும் நால்வரோடும் சேர்ந்து, 1927 ஆம் ஆண்டில் அரசுக்கு விண்ணப்பம் செய்தார். சட்டத்தில் நிற்கும் அச்சொல்லில் பெண்டிரும் அடங்குவரோ என்னும் வினா கனடாவின் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது.

1928 ஆம் ஆண்டு ஏப்பிரல் 24 ஆம் நாள் அம்மன்றம், 'அடங்கார்' என விடை கூறிற்று. பெண்டிர் மாந்தர் அல்லர் என்று நீதிபதிகள் கூறவில்லை. 1867 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியோர் காலத்தில், பொதுப்பதவிக்குப் பெண்டிர் தகுதியுடையராகக் கொள்ளப்படவில்லை. ஆதலின், அக்காலத்துப் பரப்பே இன்றும் கொள்ளத்தக்கது என்பது அவர்கள் வாதம். ஐவரும் இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்கு முறையிட்டனர். 1929 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் நாள், சாங்கிப் பிரபு வேறு தீர்ப்பு வழங்கினார். பெண்டிரைப் பொதுப்பணியினின்று விலக்கி வைத்த பழைய வழக்கம், சொல்லின் கருத்தைக் கட்டுப்படுத்தாது. அச்சொல் இருபாலாரையும் தழுவும். அவர்களுள் ஒரு பாலாரை விலக்க வேண்டுமென்பாரே அதற்குக் காரணம் காட்டல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசியல் சட்டத்தைத் தன் எல்லைக்குள் வளரும் உயிருள்ள மரத்துக்கு அவர் ஒப்பிட்டார். அடுத்த ஆண்டிலேயே கெய்ரின் வில்சன் என்னும் அம்மையார் கனடா மேலவையின் முதற்பெண் உறுப்பினர் ஆனார். வழக்கிட்ட ஐவருள் ஒருவரும் தம் வாழ்நாளில் அவ்வவையில் அமரவில்லை. 2009 ஆம் ஆண்டில் மேலவை அவர்களைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுச் சிறப்புச் செய்தது.

அதே நாட்டின் மற்றொரு சட்டம் இதனினும் கொடிது. தொல்குடி மக்களை ஆளுவதற்கென 1876 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம், 'ஆள்' என்பது தொல்குடியினர் அல்லாத ஒருவரைக் குறிக்கும் என்றே வரையறுத்தது. சட்டம் திருத்தி எழுதப்பட்ட 1951 ஆம் ஆண்டு வரையில் அவ்வரையறை நிலைத்திருந்தது. ஒரு சொல்லின் பரப்பினின்று சிலரை வெளியே நிறுத்தினால், அச்சொல்லோடு கூடிய உரிமைகளினின்றும் அவர்கள் வெளியே நிறுத்தப்படுவர். அதனைச் செய்யக் கோட்டையும் வேண்டா, மதிலும் வேண்டா. ஏட்டில் ஒரு வரி போதும்.

பரப்பை விரிக்கும் வழி இருவகைப்படும். சொல்லின் கருத்து மாறாதிருக்க, அதற்கு உரியவராய் இருந்தும் விலக்கப்பட்டவரை உள்ளே ஏற்றல் ஒரு வழி. கனடா வழக்கில் நிகழ்ந்தது அதுவே. கருத்தையே மாற்றி அமைத்தல் மற்றொரு வழி. நம் நாட்டின் அரசியலமைப்பு 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, இருபத்தொரு வயது நிரம்பிய குடிமக்கள் வாக்காளர் ஆகும் உரிமை பெற்றனர். ஆண், பெண் என்னும் வேறுபாடும், செல்வர், வறியர் என்னும் வேறுபாடும் அதில் இல்லை. 1988 ஆம் ஆண்டில் நிறைவேறிய அறுபத்தொன்றாம் திருத்தம், 21 என்னும் எண்ணை 18 ஆக மாற்றியது. ஓர் எண் மாறிற்று. கோடிக்கணக்கான இளைஞர் வாக்காளர் என்னும் சொல்லின் பரப்பினுள் வந்து சேர்ந்தனர். இன்று வகுப்பில் இருக்கும் நீங்களும் இன்னும் சில ஆண்டுகளில் அப்பரப்பினுள் அடியெடுத்து வைப்பீர்கள்.

ஆகவே, ஒரு சொல்லைக் கேட்கும்போது இரண்டு வினாக்களை எழுப்புதல் நலம். 'இதன் கருத்து யாது?' என்பது ஒன்று. 'இது யார் யாரை, எவ்வெவற்றைத் தழுவுகிறது?' என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அகராதி பெரும்பாலும் விடை தரும். இரண்டாம் வினாவுக்கு உலகையும் நோக்குதல் வேண்டும். 'ஊரார் அனைவரும் கூடி முடிவு செய்தனர்' என்று ஒருவர் கூறினால், அனைவர் என்பதில் அடங்கியவர் யார், அடங்காதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். 'மக்களின் விருப்பம் இது' என்று ஒருவர் எழுதினால், அம்மக்களுள் எவரெவரை அவர் எண்ணினார் என்று கேளுங்கள். நாமே பேசும்போதும் எழுதும்போதும், நம் சொல்லின் எல்லைக்கு உட்பட்டோர் யாரேனும் அறியாமையால் விடுபட்டனரோ என்று ஆராய்தல் நம் கடமை. சொல்லை அளந்து பேசுக என்று பெரியோர் கூறுவர். அளத்தல் என்பது சொற்களின் எண்ணிக்கையை அளத்தல் மட்டுமன்று. ஒவ்வொரு சொல்லின் பரப்பையும் அளத்தலே ஆகும்.